கழுத்தில் எழுத்தை மாட்டிக்கொண்டு நின்ற ஞாயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம். அதற்குப் பிறகு என் கை எழுதியதெல்லாம் ரேஷன் கடைக் கையெழுத்தும், காலண்டரில் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும்தான். மறதி வேறு. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து இன்னொன்றில் போய் நிற்பேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளணும். சேவல் விஷயத்தை எங்கள் சபையில் ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால்தான் நானே எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு ஒரகடம் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே. எதிரில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பெண்கள் கம்பெனி வேலைக்கு வந்து அதில் தங்கியிருக்கிறார்கள். தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்கும். அதற்கு அடுத்து எங்கள் சபை, ஞாயிறுதோறும் நாங்கள் ஜெபத்துக்குப் போகிற இடம்.

என்னிடம் ஒரு நாட்டுச் சேவல். அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு நான் வளர்த்தது. மற்ற சேவல் விடிந்தால் கூவும், இது கம்பெனி பஸ் ஆரன் அடித்தால் கூவும். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், செகண்ட் ஷிஃப்ட், நைட் ஷிஃப்ட் எதையும் விடாது. ஓ.டி. முடிந்து வருகிற வண்டிக்கும் ஒரு தரம் கூவி வைக்கும். எனக்கு மனுஷர்களிடம் சட்டென்று வாய் வராது. கடையில் மிளகாய்த்தூள் கேட்கப் போய், கேட்கக் கூச்சப்பட்டு, முன்னால் நின்ற அம்மா வாங்கிய மஞ்சள்தூளையே நானும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தச் சேவலோடு மட்டும் நாள் முழுக்கப் பேசுவேன்.

என் மருமகளுக்குப் பார்ட்ஸ் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். பகலில்தான் தூக்கம். அவள் கண் அசருகிற நேரம் பார்த்து ஏதாவது ஒரு பஸ் வரும், இது கூவும். தலையணையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அதை அடிக்கத் துரத்துவாள். அது கூரைமேல் ஏறி நின்று இன்னொரு தரம் கூவும். நான் உள்ளே போய்ச் சட்டியை உருட்டிக்கொண்டிருப்பேன்.

அறுப்பின் பண்டிகைக்கு எங்கள் சபையில் அவரவர் வீட்டிலிருந்து காய், அரிசி, கோழி எதையாவது கொண்டுவந்து ஆண்டவருக்குப் படைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். போன வருஷம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள், எல்லாவற்றையும் ஏலம் விட வேண்டாம், இருப்பதிலேயே நல்ல பொருளை ஒரு போட்டிக்குப் பரிசாக வைப்போம் என்று சொல்லிவிட்டார்கள். போட்டி என்னவென்றால், கலைத்துக் கொடுக்கிற எழுத்தைச் சேர்த்து ஒரு சொல்லாக ஆக்கணும், அதற்கு அர்த்தமும் சொல்லணும்.

அன்றைக்கு நான் உள்ளே நுழைந்து பாயில் உட்கார்ந்து நிமிர்ந்தால், பீடத்துக்குப் பக்கத்தில் பூசணிக்காய், வாழைத்தார், அதற்கு நடுவில் காலைக் கட்டிப்போட்ட என் சேவல். இருப்பதிலேயே நல்ல பொருள் அதுதானாம்.

நான் மருமகளைப் பார்த்தேன். அவள் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே வந்து, "இன்னாத்தே அப்டி பாக்கற? ஆண்டவருக்குத்தான குடுத்தேன். அவராவது நிம்மதியா தூங்கறாரான்னு பாப்போம்" என்றாள்.

ஆண்டவருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? ஜெயிக்கிறவர்கள் சாயந்திரமே அறுத்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் போட்டிக்கு யார் வருகிறீர்கள் என்று பாஸ்டர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். அவர் எனக்குப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டம்மாவும் பாட்டுக்குழுப் பெண்கள் ரெண்டு பேரும் என்னோடு சேர்ந்தார்கள். ஐந்தாவது ஆளாக மருமகள் எழுந்தாள். அத்தையைத் தனியாக விடமாட்டாளாம். அடடா என்று ரெண்டு மூன்று பேர் மெச்சினார்கள்.

எங்களுக்கு எதிரணி ஹாஸ்டல் பெண்கள் ஐந்து பேர்.

கம்பெனிகளிலிருந்து வருகிற அட்டைப்பெட்டியைக் கிழித்து, ஒரு அட்டைக்கு ஒரு எழுத்து எழுதி, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். பின்பக்கம் மேல்நோக்கி அம்புக்குறியும் ஒரு குடையும் அச்சாகியிருக்கும். ஆளுக்கு ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, விசில் அடித்ததும் இடம் மாறி மாறி நின்று சொல்லைக் காட்டணும். இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. முதல் எழுத்தாக நிற்கிறவர் மைக்கில் அர்த்தம் சொல்லணும் என்று ஒரு விதி வைத்தார்கள். வாசலில் விட்ட செருப்பைக் கண்ணால் தேடினேன். அப்புறம் யோசித்தேன். புள்ளி வைத்த எழுத்து எந்தச் சொல்லுக்கும் முதலில் வராது. ஆகவே புள்ளி எழுத்தாகப் பார்த்து எடுத்துக்கொண்டால் பிழைத்தேன்.

முதலில் ஒத்திகைக்கு ஒரு சொல். எனக்கு 'ம்' கிடைத்தது. வெங்காயம் என்று கண்டுபிடித்துவிட்டோம், சரியாகவும் நின்றோம். எங்களுக்கு இடது கை ஜனங்களுக்கு வலது கை என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. பாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு "ம்யகாங்வெ" என்று வாசித்தார். இது எபிரெயச் சொல்லா என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் நிஜமாகவே கேட்டார். புள்ளியை நம்பிய நான் மைக்குக்கு நேராக நின்றுகொண்டிருந்தேன்.

அப்புறம் எங்களுக்கு வந்தது மாநகரம். 'மா' பக்கத்து வீட்டம்மாவுக்கு. எனக்கு மறுபடியும் 'ம்', சண்டை போட்டு வாங்கினேன். என் மருமகளிடம் 'ர'. அவள் 'க'வைத் தாண்டி முன்னால் போய் நின்றுகொண்டாள். தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. மாநரகம் என்று ஆகிவிட்டது. சபையே சிரிக்கிறது. பக்கத்து வீட்டம்மா எழுத்தைப் பார்க்கவில்லை, மைக்கைப் பிடித்து அர்த்தம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்நேரமும் லாரி, தூசி, புகை, ராத்திரி பகல் தெரியாது, ஒருத்தரை ஒருத்தர் தெரியாது, உள்ளே போனவன் லேசில் வெளியே வரமுடியாது என்றார். பாஸ்டர் யோசித்துவிட்டு, இந்த அர்த்தம் ரெண்டு சொல்லுக்கும் பொருந்துவதால் மார்க் உண்டு என்றார். மருமகள் பல்லைக் கடித்ததை நான் பார்த்தேன்.

ஹாஸ்டல் பெண்கள் வேலை செய்த விதமே வேறு. ஒருத்தி லைன் லீடராம், கம்பெனியில் ஒரு வரிசை ஆட்களை நிறுத்தி வேலை வாங்குகிறவள். அவள் கையை நீட்டி, நீ ஸ்டேஷன் ஒண்ணு, நீ ரெண்டு என்று சொல்லச் சொல்ல மற்றவர்கள் போய் நின்றார்கள். அவர்களுக்கு வந்தது துடைப்பம். அர்த்தம் கேட்டால் 'து' மாட்டியிருந்த பெண் "வாரியல்" என்றாள். அப்படி ஒரு சொல்லே கிடையாது என்று எங்கள் பக்கம் ஒரே கூச்சல். அந்தப் பெண் வாதாடவில்லை. மூலையில் சார்த்தியிருந்த துடைப்பத்தை எடுத்து வந்து, பீடத்தின் முன்னால் சிந்திக் கிடந்த நெல்லையும் அரிசியையும் கூட்டித் தள்ளிவிட்டு, "இதுதான வாரியல்? எங்கூர்ல கேட்டுப் பாருங்க" என்றாள். மார்க் கொடுத்தார்கள். சேவல் அந்த அரிசியைக் கொத்தியது.

கடைசியில் ரெண்டு அணியும் சமம். ரெண்டு பேருக்கும் ஒரே சொல், முந்துகிறவர்களுக்குப் பரிசு. அட்டையை எடுத்துத் திருப்பினால் எனக்கு 'இ'. இ முதலில்தான் நிற்கும், வேறு எங்கே போய் நிற்கும்? மற்றவர்களிடம் ர, க, ம் எல்லாம் பார்த்ததுமே இரக்கம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலை எடுத்து வைக்கத்தான் முடியவில்லை. ஒரு பார்வை சேவல்மேல், ஒரு பார்வை மைக்மேல். எப்படியோ போய் நின்றேன். 'ர' வந்தது. 'க்' வரவில்லை. 'க்' என் மருமகள். அவள் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, குடைப் படத்தைக் காட்டியபடி சாமி மாதிரி நின்றாள். நான் அதைத் திருப்பிவிடுவதற்குள் எதிரணிக்கு விசில் அடித்துவிட்டது. அவர்களுடைய லைன் லீடர், இரக்கம்னா பாவம் பாக்கது என்று அர்த்தமும் சொல்லிவிட்டாள். போயிற்று.

பாஸ்டர் அதோடு விட்டாரா? முதல் தடவையாக மேடைக்கு வந்த அம்மா, அவர்களும் இரக்கத்துக்கு ஒரு அர்த்தம் சொல்லட்டும் என்று மைக்கைக் கொண்டுவந்து என் வாயருகே வைத்தார். எனக்கு அர்த்தமாவது ஒன்றாவது. சேவலைக் காட்டினேன்.

"அதை அறுக்காதீங்க. விட்ருங்க."

ஸ்பீக்கரில் என் குரலைக் கேட்டு நானே பயந்துவிட்டேன். அப்புறம் கைதட்டல். இரக்கத்துக்கு இவ்வளவு நல்ல அர்த்தம் தான் கேட்டதே இல்லை என்று பாஸ்டர் சொன்னார். சொல்லிவிட்டுச் சேவலைத் தூக்கி ஹாஸ்டல் பெண்களிடம் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நான் சாப்பிடவில்லை. மருமகள் படுத்தாள். பஸ் வந்தது, போனது, கூவல் இல்லை. அவளும் புரண்டு புரண்டுதான் படுத்தாள், அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் கதவைத் தட்டினார்கள். ஐந்து பெண்களும் நிற்கிறார்கள், லைன் லீடர் கக்கத்தில் சேவல், இவ்வளவு நேரம் பெட்டிக்குள் மூடி வைத்திருந்தார்களாம். ஹாஸ்டலில் அடுப்புப் பற்றவைக்க விடமாட்டார்களாம், தினம் அதே சாம்பாராம். கம்பெனி பஸ்ஸில் என் மருமகள் ஒரு நாள், எங்கள் அத்தை வைக்கிற கோழிக்குழம்பு தெரு முழுக்க மணக்கும் என்று சொல்லியிருக்கிறாள். அதை நம்பி வந்திருக்கிறார்கள்.

"ஆச்சி, நீங்களே அறுத்துக் குழம்பு வச்சுக் குடுங்க. உங்களுக்கும் பங்கு உண்டு."

மருமகள் சிரிக்க ஆரம்பித்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சேவல் என்னைப் பார்த்து, கூப்பிட்டால் கொடுக்கிற சின்னக் குரலைக் கொடுத்தது. இப்போது மைக் இல்லை, ஜனம் இல்லை. எப்படியோ சொல்லிவிட்டேன்.

"இது என் சேவல்மா."

அந்தப் பெண் சேவலையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். "அப்ப மைக்குல சொன்னது அர்த்தம் இல்லையா ஆச்சி?"

"இல்லம்மா. கெஞ்சினேன்."

எல்லோரும் என் மருமகளைப் பார்த்தார்கள். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, நான்தான் குடுத்தேன், பகலில் தூங்க விடமாட்டேங்குது என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். பாவம், கண்ணெல்லாம் சிவந்துதான் இருந்தது. லைன் லீடர் கொஞ்சம் யோசித்து, எதிர் ஹாஸ்டலுக்கு ஓடிப்போய் ஒரு கவர் நிறைய இயர் பிளக் கொண்டுவந்தாள். அவர்கள் பிரஸ் ஷாப்பில் சத்தத்துக்குக் காதில் வைத்துக்கொள்கிற ஆரஞ்சு நிறப் பஞ்சு. மெஷின் இடிக்கிற சத்தமே இதில் கேட்காது, சேவல் என்ன பெரிய சேவலா என்றாள். ஆனால் குழம்பு மட்டும் வேணும் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். மருமகள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் பிராய்லர் கறி வாங்கி வந்தாள். அதில்தான் வைத்தேன்.

சேவல் இப்போதும் கூவுகிறது, மருமகள் தூங்குகிறாள். நான் கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது, அது ஒன்றுதான் குறை.

படிக்கிறவர்களில் எங்கள் சபைக்காரர் யாராவது இருந்தால் ஒரு உதவி செய்யணும். எங்களுக்கு எத்தனை மார்க் என்பதும், துடைப்பம் முந்தி வந்ததா மாநகரம் முந்தி வந்ததா என்பதும் எனக்குச் சரியாக நினைவில்லை. அட்டை எழுதிய பிள்ளைகளையோ பாஸ்டரையோ கேட்டுச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். என் மருமகளைக் கேட்காதீர்கள். தன் அட்டை காற்றில் திரும்பிக்கொண்டது என்று அவள் இன்னும் சாதிக்கிறாள்.