குருநகரில் இருந்த ஒரே பிரதி

நாற்பது வருடம் படமும் தொலைக்காட்சி நாடகமும் எடுத்த கனகரட்ணத்திடம், "உங்கடை ஆகச் சிறந்த வேலை எது, சேர்?" என்று திரைப்பட விழாக்காரர்கள் கேட்டார்கள். இரண்டாயிரத்து மூன்றில் எடுத்த, கடற்கரைப் பெண் ஒருத்தியின் கதையைச் சொல்லும் தொலைக்காட்சி நாடகம் என்று யோசிக்காமல் சொன்னார். மற்றதெல்லாம் அவருக்கே சகிக்காது. அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை அதையே திரையிடுவோம் என்றார்கள். அன்றைக்குத் தொடங்கியது தலையிடி.

ஒளிபரப்பிய நிலையத்தில் அதை எப்போதோ அழித்துவிட்டார்களாம். அதைச் சொல்லவே ஒன்பது பேர் தொலைபேசியைக் கைமாற்றினார்கள். வீட்டிலிருந்த பிரதியில் பூஞ்சணம். மிச்சம் இருந்தது, கதாநாயகியாக நடித்த குருநகர் புளோறன்சுக்கு அவர் அந்த நாளில் கொடுத்த வீடியோ கசெற் ஒன்றுதான். மேலே யாரும் பதிந்துவிடக் கூடாதென்று அதன் ஓரத்துப் பிளாஸ்ரிக் பல்லைத் தன் கையாலேயே உடைத்துக் கொடுத்தவர் அவர்.

இரவல் வீடியோ டெக் ஒன்றைக் காவிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். புளோறன்ஸ் நீட்டிய கசெற்றில், பல் உடைந்த இடத்தில் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. அந்த ஓட்டையை மூடினால் மேலே மறுபடி பதியலாம் என்று தெரிந்த அவர், அவசரமாகக் கசெற்றை டெக்குக்குள் தள்ளினார்.

ஐந்து நிமிடம் கடலும் வள்ளமும் ஓடின. பிறகு கோயில் திருநாள். பட்டாசு. அதற்குப் பிறகு யாரோ ஒருவருடைய முதுகு, மூன்று நிமிடம் அசையாமல்.

"ஆர் பிள்ளை உந்த வேலை பாத்தது?"

"நான்தான், சேர். என்ரை முகம் வாற இடத்திலை இருந்து மேலை பதிஞ்சன்."

"உனக்கென்ன விசரே?"

"அப்ப என்னைக் கலியாணம் பேசி ஆக்கள் வர இருந்தவை. நடிச்சவள் எண்டு தெரிஞ்சால் வாசலோடை திரும்பியிருப்பினம். ரீவியிலை போனதை அவை பாக்கேல்லை. வீட்டிலை கசெற் கிடந்தால் பயம்தானே."

கனகரட்ணம் வெடித்தார். "உந்தப் பயத்தாலைதான் எங்கடை சனம் உருப்படியாய் ஒரு படம் எடுக்கேலாமல் கிடக்குது! நடிச்சால் என்ன குறைஞ்சு போகும்? சொல்லு பாப்பம்!"

புளோறன்ஸ் கோபப்படவில்லை. தேத்தண்ணியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்கடை மகள் நிஷானியக்கா படப்பிடிப்புக்கு வந்து நிண்டவ, சேர். நான் நடிச்ச வேசத்தைத் தனக்குக் கேட்டும் நீங்கள் விடேல்லை எண்டு எனக்குச் சொல்லி அழுதவ. ஏன் விடேல்லை?"

கனகரட்ணத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளிடம் அன்று என்ன சொன்னாரென்று அவருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"நாளைக்கு உன்னை ஆர் கட்டுவான்?" என்றுதான் கேட்டிருந்தார்.