அப்பெண்டிக்ஸ் என்று எழுதிய லீவு லெட்டர்

இருபத்தைந்து வருடங்களுக்கு முன், எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. அப்போது நான் ராயபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். அம்மா காசிமேட்டில் இறால் உரிக்கப் போவாள். தெருவில் யாருக்காவது கடிதம் வந்தாலும், ரேஷன் கார்டுக்கு மனு எழுத வேண்டும் என்றாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். அதில் எனக்குக் கர்வம் உண்டு. இப்போதும் உண்டு, மறைப்பானேன்?

இன்னொரு கர்வம் பூப்பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் ஆட்டம். எங்கள் பள்ளி மைதானத்தில் சாயங்காலம் கடல்காற்று வீசும்போது அந்த மஞ்சள் கம்பளிப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்லவே முடியாது. முன்வரிசையில் வலது ஓரம் என் இடம். வலைக்கு அருகில் சொத்தென்று விழும் பந்தை, வலது காலை எட்டிப் போட்டு, இடது முழங்கால் மண்ணில் உரச இறங்கி எடுப்பேன். அந்த வருடம் மாவட்டப் போட்டியில் ஆடிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் உடற்கல்வி ஆசிரியைப் பயிற்சியில் சேர வழி உண்டு என்று கேம்ஸ் டீச்சர் சொல்லியிருந்தார். இல்லையென்றால் பரீட்சை முடிந்த கையோடு கல்யாணம் என்று அம்மா முடிவு செய்து வைத்திருந்தாள்.

அப்படி எட்டி எட்டி இறங்கியதாலோ என்னவோ, வலது பக்கம் அடிவயிறும் தொடையும் சேரும் மடிப்பில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. படுத்தால் உள்ளே போய்விடும். ஓடினால் வெளியே வரும். சொல்லக்கூடிய இடமா அது? நான்கு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசியில் குளிக்கும்போது அது அம்மா கண்ணில் பட்டுவிட, அவள் என்னை அரசு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

பரிசோதித்த டாக்டரம்மா குடலிறக்கம் என்றார். குடல் வெளியே வந்து அங்கேயே மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். செய்தார்கள். தையல் பிரிக்கும்வரை வார்டில் கிடந்தேன். படுக்கையிலிருந்து எழுவதற்கே ஒரு முறை இருந்தது. நேராக எழக் கூடாது. ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி உட்கார்ந்து, அப்புறம்தான் நிற்க வேண்டும். இருமல் வந்தால் முதலில் உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்து அழுத்திக்கொண்டு, அதற்குப் பிறகுதான் இரும வேண்டும். நர்ஸம்மா தினமும் இதைச் செய்யவைத்துப் பார்ப்பார். மூன்று மாதம் ஓடவோ குதிக்கவோ கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மாவட்டப் போட்டிக்கு அப்போது இரண்டு மாதம்கூட இல்லை.

கத்தி வைத்த இடம் தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டிக்கொள்வான் என்று அம்மாவுக்குப் பயம். தெருவில் எல்லோரிடமும் அப்பெண்டிக்ஸ் என்று சொல்லிவிட்டாள். எனக்கும் அது வசதியாக இருந்தது. பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதியவள் நான்தானே? நல்ல ஆங்கிலத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், அப்பெண்டிக்ஸ் என்று எழுதி, கீழே அப்பாவின் கைநாட்டை வாங்கினேன். அப்பா அதை ஒரு முறை படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, மை ஒட்டிய விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் பள்ளிக்குப் போனேன். அப்பெண்டிக்ஸ்தானே, ஆறு வாரம் தாராளம் என்று கேம்ஸ் டீச்சர் மட்டையைக் கையில் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் இடம் போய்விடும். என் இடத்துக்கு ஒருத்தி தயாராக நின்றுகொண்டிருந்தாள். முதல் நாள் நின்ற இடத்திலிருந்தே ஆடினேன். மறுநாள் கொஞ்சம் எட்டினேன். தழும்புக்குக் கீழே சுருக்கென்று இழுத்தது. போட்டிவரை தாங்கினால் போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அம்மா பூசைக்குப் போயிருந்தாள். நான் பாயில் படுத்திருந்தேன். எதிர்ச் சுவரோரம் அப்பா படுத்திருந்தார். அவருக்கு இருமல் வந்தது. பீடி இருமல், தினமும் கேட்பதுதான். ஆனால் இருமுவதற்கு முன்னால் அவர் உள்ளங்கை இடுப்புக்குக் கீழே போய் அழுத்திக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். பிறகு ஒருக்களித்துத் திரும்பினார். கையை ஊன்றி உட்கார்ந்தார். அப்புறம் எழுந்தார்.

நர்ஸம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறை. யோசித்துப் பார்த்தால், அவர் இப்படி எழுந்ததைத்தான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். மூட்டை தூக்குகிறவர்கள் இப்படித்தான் எழுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

வீட்டில் நான் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். பள்ளிக்கூடத் தமிழ் படித்த பிறகு ‘இன்னா’ என்று பேசாதீர்கள், ‘என்ன’ என்று பேசுங்கள் என்று அவரைத் திருத்திக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு என் வாயிலிருந்தே அந்தப் பேச்சுதான் வந்தது.

“நைனா, உனுக்கும் அங்க வீக்கம் கீதா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடாமல் கேட்டேன். எத்தனை வருஷமாக என்றேன். நான் நாலாவது படிக்கும்போது, கப்பலில் ஒரு மூட்டை சறுக்கியபோது வந்ததாம். லுங்கிக்குள் துணியைப் பந்தாக உருட்டி வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாராம். மேஸ்திரிக்குத் தெரிந்தால் மூட்டை தூக்கும் கேங்கிலிருந்து பெயரை அடித்துவிடுவார். ஏழு வருஷம் துணியைக் கட்டிக்கொண்டு மூட்டை தூக்கியிருக்கிறார், அம்மாவுக்குக்கூடத் தெரியாமல்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் கோபத்தோடு கொட்டினேன். குடல் மாட்டிக்கொண்டால் உயிர் போய்விடும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு வா என்று கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்:

“நீ இஸ்கூல்ல இன்னா சொல்லிகினு கீற? அப்பண்டிஸ்னு தான? நெசத்த சொன்னா ஆட்டத்துல சேக்க மாட்டாங்கோ. எனக்கும் அதே தான் பாப்பா.”

நான் உண்மையைச் சொன்னால் நீ ஆஸ்பத்திரிக்கு வருவாயா என்று கேட்டேன். அவர் சிரித்தார். “நீ மொதல்ல சொல்லு, பாக்கலாம்” என்றார். நான் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்த சிரிப்பு அது.

மறுநாள் காலை, மட்டைகள் வைக்கும் அறையில் கேம்ஸ் டீச்சரிடம் சொன்னேன். லெட்டரில் எழுதியது பொய், ஆபரேஷன் நடந்தது இந்த இடத்தில் என்று கையால் காட்டினேன். டீச்சர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். எந்தப் பக்கம் என்று கேட்டார். வலது என்றேன். முந்தாநாள்கூட அந்தக் காலைத்தானே எட்டிப் போடச் சொன்னேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு என் கையிலிருந்த மட்டையை வாங்கி ஆணியில் மாட்டினார். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை என்றே நினைக்கிறேன். கப்பல் வந்திருக்கிறது, இதை முடித்துவிட்டுப் போகலாம் என்றார். அது போனதும் அடுத்த கப்பல் வந்தது.

மாவட்டப் போட்டி எங்கள் பள்ளி மைதானத்திலேயே நடந்தது. நான் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையில் சாக்பீஸால் புள்ளிகள் எழுதிக்கொண்டிருந்தேன். என் இடத்தில் ஆடிய பெண் நன்றாகவே ஆடினாள். பாதி ஆட்டத்தில் தற்செயலாகத் திரும்பினால், வேலியோரம் அப்பா. உடம்பெல்லாம் மாவுத்தூள், வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். நான் ஆடுவதைப் பார்க்க வந்தவர் என்னைக் களத்தில் தேடியிருக்கிறார். பிறகு பெஞ்சில் பார்த்தார். கடைசிப் புள்ளிவரை அசையாமல் நின்றார். எங்கள் பள்ளி ஜெயித்தது. பெண்கள் எல்லோரும் குதித்தார்கள். நான் பலகையைத் துடைத்தேன்.

வீட்டுக்குச் சேர்ந்து நடந்தோம். கல்லறைச் சுவர் தாண்டியதும் அப்பா கேட்டார்.

“ஆஸ்பத்திரிக்கு எப்போ போவணும்?”

அதே மருத்துவமனையில், ஆண்கள் வார்டில் அவருக்கு ஆபரேஷன் நடந்தது. கேங்கிலிருந்து நாலைந்து பேர் பார்க்க வந்தார்கள். இன்னா அண்ணாத்த, வெயிட்டு தூக்கச் சொன்னா வெயிட்ட கீழ எறக்கி வெச்சிட்டியே என்று கேலி செய்து வார்டையே சிரிக்கவைத்தார்கள். எல்லோரும் கிளம்பிய பிறகு ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். செருப்பை மறந்தவர் மாதிரி கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்து, இங்கே யாரைப் பார்க்க வேண்டும், ஒரு காகிதத்தில் எழுதிக் கொடு பாப்பா என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொருவர் வந்தார். அந்த கேங்கில் எத்தனை பேர் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் எனக்கும் அப்பாவுக்கும் புரிந்தது. பக்கத்துப் பக்கத்தில் நின்று மூட்டை மாற்றியவர்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் மேஸ்திரி அப்பாவை மறுபடி சேர்த்துக்கொள்ளவில்லை. பிறகு டோல்கேட் பக்கம் ஒரு கிடங்கில் காவல்காரர் வேலை கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை அவருக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அந்த வேலை கிடைக்கும்வரை அம்மா இரண்டு இடங்களில் இறால் உரித்தாள். விரல்களெல்லாம் வெந்து போயிருக்கும். என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த மாதங்களில் அப்பாவும் நானும் சாயங்காலம் கடற்கரைக்கு நடப்போம். இரண்டு பேரும் ஒரே மாதிரி மெதுவாக. ஜோடி போட்டுகினு நொண்டி ஆடுறீங்களா என்று வலை பின்னுகிறவர்கள் சிரிப்பார்கள். என் மூன்று மாதம் எப்போதோ முடிந்துவிட்டது, வலியும் இல்லை. ஆனாலும் வலது காலை எட்டிப் போட முடியவில்லை. உடம்பு ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. பந்து முன்னால் விழுந்தால் கால் மண்ணில் ஒட்டிக்கொள்ளும்.

ஒருநாள் அப்பா என் பையிலிருந்து மட்டையை எடுத்து என்னிடம் கொடுத்து, பழைய பந்து ஒன்றைத் தன் கையில் வைத்துக்கொண்டார். பூப்பந்தைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. சும்மா உட்கார்ந்தபடியே எனக்கு முன்னால் தூக்கிப் போட்டார். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி போட்டார், இன்னும் கொஞ்சம் தள்ளி. எத்தனை முறை என்று தெரியாது. ஒருமுறை, யோசிக்காமலே, கால் எட்டிப் போய்விட்டது. முழங்கால் ஈர மணலில் உரச, பந்து மட்டையில் பட்டு மேலே எழுந்தது. வலிக்கவில்லை. நான் அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதேன். அப்பா அருகில் வரவில்லை. பந்து கடல் பக்கம் உருண்டு போவதைப் பார்த்து, “அத்த புடி, நனஞ்சிடப் போவுது” என்றார்.

சான்றிதழ் ஒரு வருடம் தாமதமாக, கல்லூரியில் புகுமுக வகுப்புப் படித்தபோது கிடைத்தது. கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட அம்மாவைச் சம்மதிக்கவைத்தவர் அப்பா. இப்போது நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. காய்ச்சல், தலைவலி என்று அழகாக எழுதிய லீவு லெட்டர்கள் வாரந்தோறும் என் மேஜைக்கு வருகின்றன. அவற்றைப் படித்துவிட்டு, எழுதிய பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன்.

அதோடு இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் அது இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு உரிமை இல்லை: வலிக்கிறது என்று சொன்ன பெண்ணின் இடத்தில் குணமாகும்வரை இன்னொருத்தி ஆடலாம், ஆனால் என் அணியில் அந்த இடம் அவளுடையதாகவே இருக்கும். அப்பாவுக்கு அப்படிச் சொல்ல அன்று துறைமுகத்தில் ஒருவரும் இல்லை.