அந்த மெட்டின் பூர்வீகம்

அறுபதுகளில் நெய்வேலியில் ஒரு கிளப் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தேன். ஓர் அணிவகுப்பு மெட்டை நானே போட்டதாகச் சொல்லிப் பெயரும் வாங்கியிருந்தேன். உண்மையில் அது, அமெரிக்க எஞ்சினியர் ஒருவரின் குவார்ட்டர்ஸ் ஜன்னல் வழியே இசைத்தட்டில் கேட்டது.

விழா ஒத்திகையில், காண்ட்ராக்ட் தொழிலாளி ஏழுமலை அதே மெட்டைப் புல்லாங்குழலில் வாசித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“திருட்டுப்பயலே, என் மெட்டையா வாசிக்கிறே?” என்று எல்லார் முன்னும் கத்தினேன்.

“தொர வூட்டுச் செடிக்குத் தண்ணி ஊத்திக்கினு கேட்டதுங்க. நீங்க எங்க கேட்டீங்க?” என்றார் அவர்.

சண்டையைத் தீர்க்க, கிளப் செயலாளர் எங்கள் இருவரையும் எஞ்சினியரிடமே அழைத்துப்போனார்.

எஞ்சினியர் சிரித்தார். “என் தாத்தா பிடிலில் வாசித்தது. அதற்கு முன் பட்டாளத்துக்காரர்கள் குழலில் ஊதியது. யார் போட்டதென்று எங்கள் ஊரிலேயே தெரியாது.”

செயலாளர் என்னைப் பார்த்த பார்வையில் கூனிக் குறுகினேன். வெளியே வந்ததும் ஏழுமலையின் அருகில் போய், “மன்னிச்சிடுப்பா” என்று முணுமுணுத்தேன்.

“எல்லாரு எதுருலயும் திருடன்னீங்க. மன்னிப்ப மட்டும் காதுல சொல்றீங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். கடைசிவரை என்னோடு பேசவில்லை.

அவர் கேட்டது நியாயம். அன்று உரக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.