பரமஜோதியின் நிப்புப் பரீட்சை

துக்கம் விசாரிக்க வந்தவரிடம் பரமஜோதி முதலில் ஒரு தாளை நீட்டுகிறார். பிறகு மூன்று பேனாக்கள். மூன்றிலும் ஒரே புட்டியின் நீலக்கருப்பு மை.

"ஒங்க பேர மூணு தடவ எழுதுங்க. பேனாவ மாத்தி மாத்தி."

வந்தவர் இதுவும் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று நினைத்து முகவரியையும் சேர்த்து எழுதிவிடுகிறார்.

"பாத்தீங்களா? ஒரே மைதான். இந்த ஊசி நிப்புல சாம்பலா வருது. இதுல நீலம். இந்த ஒழுகுற நிப்புல கருப்பு. எது நல்லாருக்கு?"

பேரையூரிலிருந்து வந்த சித்தப்பா மகன் அழுதுகொண்டே எழுதினார். "ஈரம் பட்ருச்சு. இது செல்லாது" என்று அந்தத் தாளை மட்டும் பரமஜோதி தனியே ஒதுக்கி வைத்தார்.

பரமஜோதி பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவர். பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய விண்ணப்பம் வந்தால் படிக்காமலே திருப்பித் தருவார். காரணம் கேட்டால், "அதுல எழுத முடியாது. கிறுக்கத்தான் முடியும்" என்பார். விடுப்பு கேட்ட வாத்தியார்கள் அவருக்குப் பயந்தே சட்டைப் பையில் மைப்பேனா வைத்திருந்தார்கள். பாதிப் பேர் பையில் நீலக் கறையும் வைத்திருந்தார்கள்.

அவர் மனைவி ரஞ்சிதம் இறந்தது 2004 மார்ச் மாதம். அந்த வீட்டு வேதாகமத்தில், பழைய ஏற்பாட்டின் கடைசியான மல்கியாவுக்கும் புதிய ஏற்பாட்டின் தொடக்கமான மத்தேயுவுக்கும் நடுவே குடும்பப் பக்கம் ஒன்று இருக்கிறது. பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அதில் ஏறும். யாராவது இறந்தால், நாற்பதாம் நாள் ஜெபத்தில் ஆயர் அந்தப் பக்கத்தைச் சத்தமாக வாசிப்பார். நாளைக்கு நாற்பது. ரஞ்சிதத்தின் கடைசி வரி இன்னும் காலியாக இருக்கிறது.

சைக்கிள் கடை விருமாண்டி போன வாரமே பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். "அண்ணே, எந்தப் பேனாவுல எழுதுனாலும் மதினி பேரு மதினி பேருதான?"

"அப்ப ஒம்மக கல்யாணப் பத்திரிகையக் கரித்துண்டுல எழுத வேண்டியதுதான?"

விருமாண்டி இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

மகள் ஆஷ்லின் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் அளவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். நாற்பதாம் நாளுக்காக வந்தவள், அப்பா அடுக்கி வைத்திருந்த நூற்றுப் பதினாறு தாள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உறவு, அக்கம்பக்கம், பால்காரர், தபால்காரர் எல்லாருடைய பெயரும் மும்மூன்று முறை இருந்தது. அம்மாவின் பெயர் ஒரு தாளிலும் இல்லை. அடுக்கைப் பழையபடி வைத்தாள். பெட்டியிலிருந்து அளவுக்கோடு போட்ட லென்சை எடுத்து, மூன்று நிப்பின் கோட்டுத் தடிமனையும் அளந்தாள்.

"புள்ளி மூணு. புள்ளி அஞ்சு. புள்ளி எட்டு மில்லிமீட்டர். வேதத்துத் தாள் மெலிசுப்பா. நடு நிப்பு போதும்."

"மல்கியா மேல கசியாதுல்ல?"

"கசியாது."

"நெறம்?"

அதற்கு அவளிடம் கருவி இல்லை. "எதோட பொருந்தணும்?"

அவர் குடும்பப் பக்கத்தைத் திறந்து திருமண வரியைக் காட்டினார். 1971 மே. அவரே எழுதியது. "இதோட. ரெண்டையும் ஒரே நாள்ல எழுதுன மாதிரி இருக்கணும்."

ஆஷ்லின் லென்சைக் கீழே வைத்தாள். "அது காத்துப் பட்டுப் பட்டு இப்படிக் கறுத்திருக்குப்பா. இந்த மை அந்த நெறத்துக்கு வர முப்பத்து மூணு வருசம் ஆகும்."

பரமஜோதி யோசித்தார். "அம்புட்டு நாளு ஆயரு காத்திருக்க மாட்டாரு" என்றார்.

மத்தியானம் மூன்று மணிக்கு உட்கார்ந்தார். நடு நிப்பைத் தாளில் ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பெயரை எழுதினார். நாளை எழுதினார். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. மை இன்னும் ஈரமாகப் பளபளத்தது. அந்த ஈரத்தில் கீழ்வரியும் மேலே இருந்த திருமண வரியும் ஒரே கருப்பாக இருந்தன. ஓரத்து எழுத்துகள் காய்ந்து, நீலம் மெல்லத் தலைகாட்டத் தொடங்கியது.

ஆஷ்லின் மை ஒற்றும் தாளை எடுத்தாள். அவர் அவள் கையை விலக்கினார். எழுந்துபோய், அந்த ஏப்ரல் புழுக்கத்தில், ஃபேனை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தின் முன்னால் உட்கார்ந்தார்.