ஆறாம் நிலையில் நான் வாசித்தது

எனக்கு என் மேலேயே கோபம். இன்னும் ஆறவில்லை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கல்மண்டபம் தெருவில் சிலுவைப்பாதை போய்க்கொண்டிருந்தோம். இயேசு சிலுவை சுமந்த பதினான்கு நிலைகளுக்கும் ஜெபம் வாசிக்க மைக் என் கையில். ஐந்தாம் நிலை முடியும்போது பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தது. ஓடிப்போய் கதவைத் தட்டினேன்.

"சாமி போய்க்கினு கீது, கண்ணு தெர்ல உனக்கு?"

டிரைவர் இறங்கினார். முகமெல்லாம் கரியும் வியர்வையும்.

"காட்டுப்பள்ளி ஹார்பர்லேர்ந்து வர்றேண்ணே, ஒரே வெயிலு. குடிக்கக் கொஞ்சம் தண்ணி கீதா?"

"ஜெபம் பண்ற நேரத்துல இன்னாய்யா தண்ணி? நவுருய்யா!"

மைக்கை அணைக்க மறந்திருந்தேன். தெருவே கேட்டது.

ரம்ஜான் நோன்பிலிருந்த எதிர்க்கடை பாய்தான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். முகம் துடைக்கத் தன் தோள் துண்டையும் கொடுத்தார்.

நான் திரும்பிவந்து பக்கத்தைப் புரட்டினேன். ஆறாம் நிலை: வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கிறாள்.

வாசிக்கும்போதே உறைத்தது. ஆனாலும் நிறுத்தி ஒரு மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. அதே மைக்கில், குரல்கூடத் தடுமாறாமல், எல்லோரையும் முழங்காலிடச் சொன்னேன். டிரைவர் பாயின் துண்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தத் தவக்காலத்தின் நாற்பது நாளும் நான் கறியைத் தொடவில்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.