பார்த்தே சொல்லித்தந்த வயலின்

1. என் கணவருக்குக் காது மந்தமானது.
2. சர்ச் பாடகர் குழுவில் அவர் வயலின் வாசித்துவந்தார். நிறுத்திக்கொள்ளச் சொன்னார்கள்.
3. அதே குழுவில் பல வருஷமாகக் கிட்டார் வாசித்துவந்த நான் வயலின் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். அவரே சொல்லித்தந்தார்.
4. நான் தேறத் தேற, சொல்லித்தர அவரிடம் ஒன்றும் இல்லாமல் போனது.

வரிசையாக எழுதினால் நான்கே வரியில் அடங்கிவிடுகிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் ஸ்ரீபெரும்புதூருக்கு வெளியே ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தோம். நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தயாராகி வரும் பாகங்களை அளந்து பார்க்கும் அறையில் இருந்தேன். கதவைச் சாத்தினால் அங்கே சத்தம் பாதியாகும். அவருக்கு பிரஸ் ஷாப்பில் வேலை. தகடு அடிக்கும் இயந்திரங்களில் அச்சு பொருத்தி, சரியாக அடிக்கிறதா என்று பார்த்துக்கொடுக்க வேண்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள் என்றால் கேட்கமாட்டார்.

“பஞ்சு வெச்சிக்கினா மெஷின் இன்னா சொல்லுதுன்னு எப்டிம்மே தெரியும்?”

எங்கள் சர்ச், பிள்ளைப்பாக்கம் போகும் சாலையில் இருந்தது. அங்கே ஹார்மோனியம், அவருடைய வயலின், என் கிட்டார், மூன்றும்தான் வாத்தியங்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாங்கள் சேர்ந்து வாசித்தவர்கள். வேலை விட்டு வந்த பிறகு வீட்டிலும் வாசிப்போம். எங்களுக்கு வேறு பொழுதுபோக்கு இருந்ததில்லை.

முதலில் அவருக்கு மேல் சுருதிக் கம்பிதான் கேட்காமல் போனது. மங்கலாக இருக்கிறது என்று முறுக்கினார், அறுந்தது. புதுக்கம்பி கட்டி அதையும் முறுக்கினார், மற்றக் கம்பிகளையும் அதற்கேற்ப ஏற்றினார். சுருதி ஏறிப்போகிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் கிட்டாரை அவருடைய வயலினுக்கு ஏற்றபடி ஏற்றி வைத்துக்கொண்டேன். வீட்டில் இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன. ஆனால் சர்ச்சில் ஹார்மோனியத்தை யாராலும் முறுக்க முடியாது.

பாடகர் குழுவை நடத்தியவர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் சங்கடம்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

“பிரதர், கோச்சிக்காதீங்க. வயலின் கொஞ்ச நாளைக்கு வாணாம்” என்று உரக்கச் சொன்னார்.

என் கணவர் என்னைக் கை காட்டினார். “இவ வாசிப்பா.”

“சிஸ்டர் கிட்டாராச்சே!”

“கிட்டாரும் கம்பி கட்ன கட்டைதானே. நான் சொல்லிக் குடுக்கறேன்.”

பட்டணத்து ஆஸ்பத்திரியில் காது டாக்டர், போனது திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டபோதுகூட அவர் முகம் மாறவில்லை. அன்று, இவள் வாசிப்பாள் என்று சொன்னபோதுதான் மாறியது. வயலின் என் கையில் இருந்தால் தானும் குழுவில் இருப்பதாக அவர் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கிட்டார் தெரிந்திருப்பது உதவும் என்று நம்பினேன். உபத்திரவம்தான் அதிகம். கிட்டாரில் விரல் வைக்க வேண்டிய இடத்தை குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள் காட்டிக்கொடுக்கும். வயலினில் வெறும் கறுப்புப் பலகை. நான் கணக்குப் போட்டு, ஸ்கேலால் அளந்து, மெல்லிய காகிதத் துண்டுகளை அதில் ஒட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாம்மே, ரோடுக்குக் கோடு போடற மாதிரி போட்டு வெச்சிக்கீற?” என்று நகத்தாலேயே பிய்த்து எறிந்தார்.

என் இடது உள்ளங்கை வயலினின் கழுத்துப் பகுதியைக் கவ்விப் பிடித்தது. மணிக்கட்டு உள்ளே மடங்கியது. விரல்கள் நுனியில் நிற்காமல் சப்பையாகப் படிந்தன. வில் கம்பிமேல் கோணலாக ஓடியது. எல்லாவற்றையும் அவர் எதிரில் உட்கார்ந்து கண்ணாலேயே பிடித்தார்.

“கட்டிப் புடிக்காதம்மே, அது எங்கியும் ஓடிப்போவாது.”

“வூடு பெருக்கறியா, வாசிக்கறியா?”

தாடைக்கு அடியில் தோல் கன்றித் தடம் விழுந்தது. அளவு அறையில் என்னோடு இருந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, “இன்னாக்கா இது, அண்ணன் கடிச்சிட்டாரா?” என்றாள். வீட்டில் வந்து சொன்னேன். முதல் முறை அவருக்குக் கேட்கவில்லை. உரக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அந்த மாதங்களில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

ஒவ்வொரு வரி முடிந்ததும், “சரியா வந்துச்சா?” என்று என் முகத்தைப் பார்ப்பார். இல்லை என்றால், கையில் என்ன பிழை என்று தேடுவார். பெரும்பாலும் கண்டுபிடித்துவிடுவார்.

பிறகு மணிக்கட்டு நேரானது. விரல்கள் நுனியில் நின்றன. வில் கோணாமல் போனது. ஆனாலும் சுருதி சில இடங்களில் ஒரு மயிரிழை தள்ளி விழுந்தது. “சரியா வந்துச்சா?” என்றார். இல்லை என்றேன். “இன்னொரு தபா வாசி” என்றார். வாசித்தேன். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பிழை இல்லை. இனி மிச்சமிருந்தது காதால் மட்டுமே திருத்தக்கூடியது.

அந்த வாரம் முழுவதும் அவர் எதிரில் உட்கார்ந்தார், திருத்த ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. ஒரு சாயங்காலம் மணிக்கட்டைப் பழையபடி உள்ளே மடித்து வாசித்தேன். சட்டென்று கையை நீட்டித் தட்டினார். “பாரு, மறுபடியும்...” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். என் முகத்தைப் பார்த்தார்.

“வேணும்னே பண்றியா?”

நான் வில்லைக் கீழே இறக்கினேன்.

“வாணாம்மே. உன் கை நல்லா கீது. அது வரிக்கும் எனக்குத் தெரியும். அதுக்கு மேல நீயே கேட்டுக்கோ.”

எழுந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். மறுநாள் எதிரில் வந்து உட்காரவில்லை. கூப்பிட்டேன். “நீ வாசி” என்றார்.

ஈஸ்டர் ஆராதனையில் முதல் முறையாகச் சர்ச்சில் வயலின் வாசித்தேன். ஹார்மோனியத்தோடு சேர்ந்துதான் போனது. வெளியே வந்ததும் குழுவை நடத்தியவர் என் கணவர் தோளைப் பிடித்து, காதருகே குனிந்து, “நல்லா கத்துக் குடுத்துக்கீங்க, பிரதர்!” என்று கத்தினார்.

“அவளே கத்துக்கினா” என்றார் என் கணவர்.

எண்பதுகள் முடியப்போகின்றன. இப்போது அவருக்கு அதே தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில், சாமான் எடுத்துக்கொடுக்கும் வேலை. பிரஸ் ஷாப்புக்குள் போவதில்லை. காது அதே அளவில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சர்ச்சில் வயலின் வாசிக்கிறேன். அவர் ஆண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். குழுவில் கிட்டார் வாசிக்க ஆளில்லை. வீட்டில் நாங்கள் சேர்ந்து வாசிப்பதில்லை.