பேர் சொல்லிக் கூப்பிட்டவள்

கோவிந்தம்மாள் தன் வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்லி எங்கள் சந்தில் யாரும் கேட்டதில்லை. ஓட்டர் லிஸ்ட் எழுத வந்த ஆள் "பதி கா நாம்?" என்று இந்தியில் புருஷன் பேரைக் கேட்டால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டு வத்சலாவைத் தேடி ஓடுவாள்.

"சொல்லேன்க்கா, நாக்கா அறுந்துடும்?" என்பாள் வத்சலா.

"நீ சொல்லித் தொலடி. அந்த லிஸ்ட்டு பையா பூடப் போறாரு."

வத்சலா சிரித்துக்கொண்டே "கலியன்" என்று சொல்லிவிட்டு வருவாள். வீட்டில் அவரைக் கூப்பிட வேண்டுமானால் மகள் பேரை வைத்து "பிரபாப்பா" என்பாள் கோவிந்தம்மாள். அந்த ஒரு சொல்லில்தான் அவள் குடும்பமே நடந்தது.

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர்கள். கல்யாணமான கையோடு டெல்லிக்கு ரயிலேறி, திரிலோக்புரியில் எங்களோடு குடிவந்தார்கள். அவர் வீடுகளுக்கு வெள்ளையடிப்பார். அவள் மயூர் விஹார் ஃப்ளாட்டுகளில் பாத்திரம் கழுவி, வீடு பெருக்கித் துடைப்பாள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினால் கிண்டுவது அவள்தான். அன்று எங்கள் சந்தில் வேறு யாரையும் துடுப்பைத் தொட விடமாட்டாள். பிரபாவைக் கட்டிக்கொடுத்து குர்காவுனுக்கு அனுப்பிவிட்டு, இனி நிம்மதி என்று இருந்தபோதுதான் அவருக்கு அது வந்தது.

ஒரு வீட்டில் வெள்ளையடிக்கப் போனவர், அடித்து முடித்த சுவரையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்கு வழி மறந்தார். காசிப்பூர் மண்டியில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தோம். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து அவர் கதவைத் தட்டமாட்டார். விரலால் தடவிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்கும்.

அவள் வேலை செய்த வீட்டுப் பெண் உஷாராணி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி வேலையில் இருந்தாள். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், குளிர் ஆரம்பித்த சமயம். மறதி வியாதிக்கு வெளிச்சத்தால் வைத்தியம் செய்து பார்க்கிறோம் என்று அவள் சொன்னாள்.

"தலையில தொப்பி மாதிரி ஒண்ணு வெப்பாங்க. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். வலிக்காது. பாதிப் பேருக்கு நிஜமாவே வெளிச்சம் எரியும், பாதிப் பேருக்கு சும்மா தொப்பி. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது."

"சும்மா தொப்பி எதுக்கும்மா?"

"இது வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்கத்தான். சோதனைதான் கோவிந்தம்மா. குணமாயிடும்னு நான் சொல்லலை."

தெரியாத வெளிச்சம் என்றால் என்ன என்று அவளுக்குப் புரியவில்லை. உஷாராணி டிவி ரிமோட்டை எடுத்து ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தாள். ரிமோட்டின் முனையில் ஒன்றும் இல்லை. அதையே தன் மொபைலின் கேமரா வழியாகப் பார்க்கச் சொன்னாள். அங்கே ஊதா நிறத்தில் ஒரு பொட்டு எரிந்துகொண்டிருந்தது. கோவிந்தம்மாள் போனைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள், இல்லை. போன் வழியாகப் பார்த்தாள், இருந்தது.

"நாம பாக்காதப்பவும் இருக்குமா இது?"

"அமுக்கினா இருக்கும்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு, வைத்தியத்துக்குச் சம்மதித்தாள்.

ஆஸ்பத்திரியில், திரை இழுத்துவிட்ட அறையில், நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தொப்பியை மாட்டுவார்கள். உள்ளே சின்ன விசிறி ஒன்று முனகும். அவர் கண்ணை மூடாமல் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். தொப்பிக்கு அடியில் இருட்டுதான் தெரிந்தது என்று அவள் சொல்வாள்.

அங்கேயிருந்த டாக்டரம்மா, தினமும் வீட்டில் அவரைச் சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும், திரும்புகிறாரா என்று கவனித்து வந்து சொல்ல வேண்டும் என்றார். கோவிந்தம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். விஷயத்தைப் புரிந்துகொண்ட உஷாராணி, "அவர் நல்லாகணுமா வேணாமா?" என்று கேட்டாள்.

அவள் மாரியம்மன் கோயிலுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றி, தப்பு நினைக்காதே தாயே என்று சொல்லிவிட்டு வந்தாள். கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்து நின்று, "கலியன்" என்றாள். அது தன் குரல் மாதிரியே இல்லை என்று பிறகு வத்சலாவிடம் சொன்னாள்.

அவர் திரும்பவில்லை. ஆனால் மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

நாளாக ஆக அவரிடம் ஒரு தெளிவு வந்தது. காகிதத்தில் கடிகாரம் வரைந்து முள் வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸை அவரே கை காட்டி நிறுத்தினார். "பஹுத் அச்சா" என்றார் டாக்டரம்மா. வீட்டில் மட்டும், கோவிந்தம்மாள் கூப்பிட்டால் உதட்டை இறுக்கி மூடிக்கொள்வார். அவள் போடும் சோற்றைத் தொடமாட்டார். கடையில் வாங்கிய பிஸ்கட்டை, காகிதம் பிரிக்காமல் கொடுத்தால் தின்பார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது.

ஒரு நாள் வத்சலா தன் வீட்டுக் கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கோவிந்தம்மாள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். "நீதான ஆக்குன?" என்று கேட்டுவிட்டு மடமடவென்று குடித்தார். பிறகு மெல்ல, "கதவச் சாத்து தங்கச்சி, அது வந்துடும்" என்றார்.

"எதுண்ணா?"

"கோவிந்தம்மா மாதிரியே இருக்குதே, அது."

"அது அக்காதாண்ணா."

"பொடவ அவளுது. நடயும் அவளுது. ஆனா பேரச் சொல்லிக் கூப்புடுது. என் பொண்டாட்டி சாவுற வரைக்கும் சொல்லமாட்டா. எங்க ஊருல இப்பிடித்தான், தெரிஞ்சவங்க கொரல்ல வந்து கூப்புடும். மொதத் தடவயே ஏன்னு கேட்டா முடிஞ்சுது. மனுசங்கன்னாதான் மூணு தரம் கூப்புடுவாங்க. அதான் நான் வாயத் தொறக்கறதில்ல. அது ஆக்குன சோத்த எப்பிடித் தின்றது?" சொல்லிவிட்டு, டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "அவள எங்க கொண்டுபோயி வெச்சிருக்குதோ, தெரியல" என்றார்.

ஒரு வருஷமாக அவர் இவ்வளவு கோர்வையாகப் பேசியதில்லை. வத்சலா டம்ளரை வாங்கிக்கொண்டாள். திரும்பினால், வாசலில் குடத்தோடு கோவிந்தம்மாள். எப்போது வந்தாளோ, குடத்தை இறக்கி வைக்காமல் நின்றிருந்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில், ஆள் ரொம்ப இளைத்துவிட்டார், இப்படியே போனால் மூக்கு வழியாகக் குழாய் விட்டுத்தான் ஊட்ட வேண்டும் என்றார்கள். தங்கள் முன்னால் ஒரு தரம் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காட்டும்படியும் கேட்டார்கள்.

"மாட்டன்மா," என்றாள் கோவிந்தம்மாள்.

"இன்னும் கொஞ்ச நாள்தான். அவருக்கு ஞாபகம் வருது, பாக்கறீங்கல்ல?" என்றாள் உஷாராணி.

"வருதும்மா. அதனாலதான் வேணாங்கறன்."

டாக்டரம்மாவே கூப்பிட்டார். கலியன் பளிச்சென்று நிமிர்ந்து "ஹாஞ்ஜி" என்றார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவர் தலையில் இருந்தது எந்தத் தொப்பி என்பது எங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை. உஷாராணியிடம் கேட்டபோது, எல்லோருடைய கணக்கும் சேர்ந்து வந்தால்தான் ஏதாவது சொல்ல முடியும் என்றாள்.

அன்று சாயங்காலம் கோவிந்தம்மாள் ஒரு பையில் மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டாள். வத்சலாவிடம், "ரெண்டு நாள் பாத்துக்கடி. பிரபா வூட்டுல இருந்துட்டு வரன்" என்றாள்.

"இந்த நெலமையில வுட்டுட்டா போவ?"

"அது போனாதாண்டி நான் வர முடியும்."

போகும்போது அவர் பார்க்கும்படி முற்றத்தில் நின்று, கடைசியாக ஒரு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

திரும்பி வந்த அன்று பனிமூட்டம். தெரு விளக்கு போட்டும் சந்து தெரியவில்லை. மஞ்சள் பூசிக் குளித்த முகத்தோடு, புதுப் பொட்டு வைத்துக்கொண்டு, எங்களையெல்லாம் பார்க்காத மாதிரி தாண்டி வீட்டுக்குள் போனாள். சோறு வடித்துத் தட்டில் போட்டாள்.

"பிரபாப்பா, சாப்புட வாங்க."

அவர் வெகு நேரம் பார்த்தார். "எப்ப வந்த?"

"இப்பதான்."

"இங்க ஒருத்தி இருந்தா. உன் பொடவய கட்டிக்கிட்டு." சோற்றைப் பிசைந்தார். "நான் ஒரு வார்த்த பேசலியே அவகிட்ட." அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு பெருமை. ஒரு வாய், இரண்டு வாய் என்று தட்டு காலியாகிற வரைக்கும் தின்றார். அவள் அழவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கை கழுவப் போனவர் நின்று, தலையைக் கதவுப் பக்கம் சாய்த்தார். "வந்துட்டா பாரு. கூப்புடுறா."

கோவிந்தம்மாளுக்கும் ஏதாவது கேட்டதா என்று நாங்கள் பல தடவை கேட்டுப் பார்த்துவிட்டோம். அவள் அதற்குப் பதில் சொன்னதில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாள் போட்டாள் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் அந்தச் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"நீயும் வாயத் தொறக்காத," என்றார் அவர்.

அதன் பிறகு அவள் கையால்தான் சாப்பிட்டார். குழாய் எதுவும் வேண்டியிருக்கவில்லை. உடம்பு தேறியது. அம்மன் கைவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் விளக்கு வைத்த பிறகு அந்த வீட்டு வாசலில் நின்று, "கோவிந்தம்மா" என்று நாங்கள் யார் கூப்பிட்டாலும், உள்ளே பேசிக்கொண்டிருந்த இரண்டு குரலும் நின்றுவிடும். மூன்றாம் தடவை கூப்பிட்ட பிறகுதான், "யாரு?" என்று அவள் கேட்பாள்.